எல்லாப் பருவத்துக்கும் ஒரே ரயர் போதுமா?



தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. இவற்றுள் இரண்டு பொழுதுகள் பனியின் பெயரையே தாங்கி நிற்பினும், அப்பனி புல்லின் நுனியில் துளியாய்த் தங்கி, ஞாயிறு எழுந்ததும் மறைந்துபோவதாகும். வீதியை மூடி, முழங்காலளவு குவிந்து, மாதக்கணக்கிற் கிடக்கும் வெண்பனியை நம் முன்னோர் தம் வாசலிற் கண்டவரல்லர். இன்றோ கனடா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே முதலிய நாடுகளில் நம்மவர் குடும்பம் குடும்பமாக வாழ்கின்றனர். ஆண்டுதோறும் ஐப்பசி மாதம் பிறந்ததும் அவர்கள் வீடுகளில் ஒரு கேள்வி எழுகின்றது. காருக்குக் கோடையில் ஒரு தொகுதி, குளிர்காலத்தில் வேறொரு தொகுதி என இருவகை ரயர்களை வைத்திருப்பதா? அன்றி, ஆண்டு முழுவதற்கும் ஏற்றதெனச் சொல்லப்படும் ஒரே தொகுதியோடு காலத்தை ஓட்டுவதா?

இது கடல் கடந்தவர்களின் விடயம், நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இக்கேள்விக்கு விடை சொல்பவர்களுள் நாமும் அடங்குவோம். தொலைபேசியிற் பேசும் மகன், ரயர் மாற்றப் பணம் வேண்டியிருக்கிறது என்று சொன்னால், “பூட்டியிருக்கிற ரயர் நல்லாய்த்தானே இருக்குது தம்பி, ஏன் வீண் செலவு?” என்று கேட்கும் தந்தையர் நம்மிடையே பலர். சிக்கனம் நம்மவர்க்குப் பிறவிக்குணம். அது நல்ல குணமுமாகும். ஆனால், சிக்கனம் எது, சிக்கனம்போலத் தோன்றும் அபாயம் எது என்று பகுத்தறிவதற்கு விடயத்தின் உண்மை தெரிந்திருத்தல் வேண்டும். அதனையே இன்று விளக்க முற்படுகின்றேன்.

ரயரின் தொழில் யாது என்பதை முதலில் நோக்குவோம். ஒரு கார் எவ்வளவு பெரிதாயினும், அதன் ஒவ்வொரு ரயரும் வீதியைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவே. ஆயிரத்தைந்நூறு கிலோகிராம் நிறையுள்ள வாகனம் நான்கு உள்ளங்கைகளை ஊன்றிக்கொண்டு ஓடுகின்றது என்று கொள்ளுங்கள். புறப்படுவதும், திரும்புவதும், நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியினாலேயே நிகழ்கின்றன. பிறேக் எவ்வளவு சிறந்ததாயினும் அது சில்லை மட்டுமே நிறுத்தவல்லது. காரை நிறுத்துவது ரயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள பிடியேயாகும்.

இப்பிடி குளிரில் ஏன் தளர்கின்றது? நுவரெலியாவில் மார்கழி மாதக் காலையிலே தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தவர்கள் எண்ணெய் வெளியே வராததைக் கண்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஓடும் அதே எண்ணெய் மலையகத்தில் உறைந்துவிடுகின்றது. இறப்பர் அவ்வாறு உறைவதில்லையெனினும், குளிர் ஏற ஏற அதன் நெகிழ்ச்சி குன்றி அது இறுகத் தொடங்கும். வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களுள் அழுந்திப் பற்றிக்கொள்வதற்கு இறப்பர் நெகிழ்வாயிருத்தல் அவசியம். இறுகிய இறப்பர் வீதியின் மேல் வழுக்கிச் செல்லும்.

கோடைகால ரயர் சுடுவெயிலிற் கொதிக்கும் வீதிக்காகச் செய்யப்பட்டது. வெப்பத்தில் அளவுமீறி இளகாதிருக்கும் பொருட்டு அதன் கலவை சற்று உரமாக அமைக்கப்படுகின்றது. வெப்பநிலை செண்டிகிரேட் 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது அது தன் பிடியை இழக்கத் தொடங்குகின்றது என்பது பொதுவாக வழங்கும் கணிப்பு. இந்த 7 பாகையை வேலிபோற் கருதுதல் ஆகாது. அது ஒரு கைகாட்டி மரம் மாத்திரமே. வெண்பனி விழாத நாளிலும், உலர்ந்த வீதியிலும் குளிரொன்றே ரயரின் குணத்தை மாற்றிவிடும் என்பதை அது நமக்கு உணர்த்துகின்றது.

குளிர்கால ரயர் இதற்கு மாறானது. இயற்கை இறப்பரும் சிலிக்கா என்னும் பொருளும் சேர்ந்த அதன் கலவை கடுங்குளிரிலும் மென்மையாயிருக்கும். அதன் தவாளிப்புகள் ஆழமானவை. இறப்பர்க் கட்டைகளிலே கத்தியாற் கீறியது போன்ற மெல்லிய கீற்றுகள் நெருக்கமாக அமைந்திருக்கும். தேங்காய் துருவும் திருவலையின் பற்களைப்போல, இக்கீற்றுகளின் விளிம்புகள் வெண்பனியைக் கடித்துப் பிடிக்கின்றன. தவாளிப்பினுள் அடைபடும் வெண்பனி வீதியிலுள்ள வெண்பனியோடு ஒட்டிக்கொள்வதும் பிடியைப் பெருக்குகின்றது. மழைநீரை வெளியே தள்ளுவது கோடை ரயரின் வேலை. வெண்பனியைச் சிறிது உள்ளே வாங்கி வைத்திருப்பது குளிர்கால ரயரின் வேலை.

இயற்கை இறப்பர் என்றவுடன் நம் நாட்டின் நினைவு வருதல் இயல்பே. பிரேசில் நாட்டு விதைகளை இலண்டன் கியூ பூங்காவில் முளைப்பித்துப் பெற்ற கன்றுகள் 1876ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்ச் செய்கைக்கு அது ஒரு தொடக்கம். களுத்துறையிலும் கேகாலையிலும் காலைப் பொழுதிற் பால் வெட்டும் தொழிலாளரின் கையிற் பிறக்கும் பொருள், பனிநாடுகளின் வீதிகளில் உயிர் காக்கும் பொருளாகவும் அமைகின்றது.

இனி, இவ்விருவகைக்கும் நடுவே நிற்கும் மூன்றாவது வகைக்கு வருவோம். டன்லப் என்பவர் 1888ஆம் ஆண்டிலே பெல்பாஸ்ற் நகரில் தம் மகனின் மூன்று சில்லு வண்டிக்குக் காற்றடைத்த ரயரை அமைத்தார். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர், 1934இல், பின்லாந்து நாட்டு நிறுவனமொன்று வெண்பனிக்கெனப் பாரவண்டி ரயரைச் செய்தது. 1936இல் காருக்குரிய ஹக்கப்பெலீற்றா என்னும் ரயரையும் வெளியிட்டது. அதே நிறுவனம் இன்று நோக்கியன் என்னும் பெயரால் அறியப்படுகின்றது. ஆண்டுக்கு இருமுறை ரயர் மாற்றும் தொல்லையை ஒழிக்க விரும்பிய வட அமெரிக்க மக்களுக்கு, குட்இயர் நிறுவனம் 1977இல் ரியெம்போ என்னும் எல்லாப் பருவ ரயரை விற்பனைக்கு விட்டது. “ஓல் சீசன்” என்ற சொல் அங்கே வீட்டுச் சொல்லாயிற்று. 2015இல் மிச்செலின் நிறுவனத்தின் குறொஸ்கிளைமேற் என்னும் ரயர் ஐரோப்பாவில் வந்தபின், வெண்பனியையும் ஓரளவு தாங்கும் புதிய தலைமுறை ரயர்கள் பெருகின.

ஈண்டு ஒரு குழப்பம் பிறக்கின்றது. ஒரே பெயர் இருவேறு பொருளைக் குறிக்கின்றது. வட அமெரிக்காவில் “ஓல் சீசன்” என்று விற்கப்படும் ரயர்களிற் பெரும்பாலானவை எம், எஸ் என்னும் இரண்டு எழுத்துக்களை மட்டுமே தாங்கியவை. சேறு, வெண்பனி என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் அவை. தவாளிப்பின் வடிவத்தைப் பார்த்து உற்பத்தியாளரே இட்டுக்கொள்ளும் அடையாளம் அது. அதற்கென வெண்பனியில் ஓட்டிப் பார்த்த சோதனை ஏதும் வேண்டியதில்லை. மற்றொரு குறியும் உண்டு. மூன்று சிகரங்களையுடைய மலையொன்று. அதனுள்ளே ஒரு வெண்பனித் துகள். வெண்பனியில் இழுவைச் சோதனை செய்து, குறித்த அளவைத் தாண்டிய ரயருக்கே இக்குறி உரியது. குளிர்கால ரயர்கள் இதனைத் தாங்கியிருக்கும். ஆண்டு முழுவதும் பூட்டியிருக்கத்தக்க ரயர்களிலும் இக்குறி பெற்றவை உள. கனடாவில் அவற்றை “ஓல் வெதர்” என்பர். ஐரோப்பாவில் அவையே பெரும்பாலும் “ஓல் சீசன்” எனப்படுகின்றன. எனவே, கடைக்காரர் சொல்லும் பெயரைக் கேட்டு வாங்காது, ரயரின் பக்கச் சுவரிற் குனிந்து மலைக்குறி உண்டா என்று பார்த்து வாங்குதல் வேண்டும்.

மலைக்குறி பெற்ற எல்லாப் பருவ ரயர் குளிர்கால ரயருக்கு நிகராகுமா என்று கேட்டால், ஆகாது என்பதே விடை. “ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்” என்று நம் ஊரிற் சொல்வதுண்டு. இரண்டு இடத்திலும் நிற்க முனைபவன் இரண்டிலும் உறுதியாக நிற்க இயலாது. கொதிக்கும் கோடை வீதியில் நல்ல கோடை ரயரும், கடும் பனிக்கட்டியில் நல்ல குளிர்கால ரயரும் அதனை வெல்லும். மேலும், மலைக்குறிக்குரிய சோதனை வெண்பனியில் இழுவையை அளப்பது. வழுவழுப்பான பனிக்கட்டியில் நிறுத்தும் ஆற்றலை அது அளப்பதில்லை. ஆயினும், இடைப்பட்ட நாட்களே மிகுதியாகவுள்ள ஊரில், இடைப்பட்ட ரயர் குறைவின்றிப் பணி செய்யும்.

சட்டங்கள் இதனை எவ்வாறு நோக்குகின்றன? கனடாவின் கியூபெக் மாகாணம் 2008ஆம் ஆண்டு முதற் குளிர்கால ரயரைக் கட்டாயமாக்கியது. 2019 முதல் அக்கட்டாயம் டிசம்பர் 1ஆம் திகதியிலிருந்து மார்ச் 15ஆம் திகதி வரை நிலவுகின்றது. நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோவில் அத்தகைய சட்டம் இல்லை. எனினும், குளிர்கால ரயர் பூட்டியவருக்குக் காப்புறுதிக் கட்டணத்திற் கழிவு தரவேண்டுமென 2016 முதல் விதிக்கப்பட்டுள்ளது. பிரித்தானிய கொலம்பியாவின் மலைப்பாதைகளில் ஒக்ரோபர் 1 முதற் குளிர்காலத்துக்குரிய ரயர் வேண்டும். ஆனால், போதிய ஆழமுள்ள எம், எஸ் ரயரையும் அங்குள்ள சட்டம் ஏற்கின்றது. ஜேர்மனியில் திகதி குறிக்கப்படவில்லை. வீதியில் வெண்பனியோ பனிக்கட்டியோ உள்ளபோது தகுந்த ரயரின்றி ஓட்டுவதே குற்றம். 2024 ஒக்ரோபர் முதல் அங்கே எம், எஸ் எழுத்துக்கள் மட்டும் போதாது. மலைக்குறி இருத்தல் வேண்டும். இங்கிலாந்திலோ எவ்விதக் கட்டாயமும் இல்லை. சட்டம் ஏற்றுக்கொள்வது ஒன்று. வீதி ஏற்றுக்கொள்வது வேறொன்று என்பதை இவ்வேறுபாடுகளே காட்டுகின்றன.

நிற்க. செலவுக் கணக்கையும் பார்ப்போம். இரண்டு தொகுதி என்றவுடன் இருமடங்கு செலவு என எண்ணுவது முழுதும் சரியன்று. எடுத்துக்காட்டாக, ஒரு தொகுதி ரயர் 80,000 கிலோமீற்றர் உழைக்கும் என்றும், ஒருவர் ஆண்டுக்கு 20,000 கிலோமீற்றர் ஓடுகின்றார் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரே தொகுதியாயின் நான்கு ஆண்டில் தேய்ந்துவிடும். இரண்டு தொகுதிகளாயின், ஒன்று உழைக்கும்போது மற்றையது ஓய்வெடுக்கும்; இரண்டும் சேர்ந்து எட்டு ஆண்டு வரும். ஆகவே ரயரின் விலை முன்கூட்டிக் கொடுக்கப்படுகின்றதேயன்றி முற்றாக இழக்கப்படுவதில்லை. உண்மையான மேலதிகச் செலவு வேறு இடங்களிலே உள்ளது. ஆண்டுக்கு இருமுறை மாற்றுக் கூலி, விரும்பினால் இரண்டாந் தொகுதிச் சில்லு வளையங்கள், வைப்பதற்கு இடம் என்பன அவை. தொடர்மாடியிற் குடியிருப்பவருக்கு நான்கு ரயர்களை அடுக்கிவைக்க மூலை ஏது? அவர் களஞ்சியக் கூலியும் கொடுக்க நேரும். குறைவாக ஓடுபவருக்கு இன்னுமொரு கணக்கு உண்டு. ரயர் தேயாவிட்டாலும் முதுமையடையும். ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீற்றரே ஓடுபவரின் இரண்டு தொகுதிகளும் தேயும் முன்பே காய்ந்து கெட்டுவிடக்கூடும்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்தபின் முடிவை எவ்வாறு எடுப்பது? மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, வெப்பமானியைப் பற்றியது. வன்கூவரில் தை மாதச் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குச் சில பாகை மேலே நிற்கும்; ரொறன்ரோவிற் சில பாகை கீழே; வினிப்பெக்கிலோ பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகையையும் தாண்டும். மூன்றும் கனடாவே, ஆயினும் மூன்றுக்கும் ஒரே விடை பொருந்தாது.

இரண்டாவது, வீதியைப் பற்றியது. வெண்பனியை உடனுக்குடன் அகற்றி உப்புத் தூவும் நகர வீதியில் மட்டும் ஓடுபவர் ஒருவர். மேட்டிலும் பள்ளத்திலும் கிராமப் பாதையிலும் ஓடுபவர் வேறொருவர்.

மூன்றாவது கேள்வியையே நான் தலையாயதாகக் கருதுகின்றேன். கடும்பனி பெய்யும் நாளில் உங்களால் வீட்டில் இருக்க முடியுமா?

என் பழைய மாணவர் ஒருவர் ரொறன்ரோ நகரில் வெதுப்பகமொன்றில் வேலை பார்க்கின்றார். அவரது வேலை அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கும். பனியகற்றும் இயந்திரம் அவரது வீதிக்கு வருமுன்பே அவர் காரை எடுத்தாக வேண்டும். அலுவலகத்துக்கு ஒன்பது மணிக்குச் செல்பவர், துப்புரவாக்கப்பட்ட வீதியிலே செல்கின்றார். ஓய்வூதியம் பெறுபவர் சாளரத்தினூடே பனியைப் பார்த்து இரசித்துவிட்டு, மறுநாள் கடைக்குப் போகலாம். ஆனால், இரவுப் பணிக்குச் செல்லும் தாதியும், தொழிற்சாலையின் முதல் முறைக்காரரும், உணவுப் பொதிகளைக் கொண்டு திரியும் இளைஞரும் அவ்வாறு தள்ளிப்போட இயலாதவர்கள். வருவாய் குறைந்தவர்களே பெரும்பாலும் வீதி மிகக் கெட்டிருக்கும் வேளையில் ஓட வேண்டியவர்களாயிருக்கின்றனர். எவருக்குக் குளிர்கால ரயர் மிகமிக அவசியமோ, அவருக்கே அதனை வாங்குவது மிகக் கடினம். “ஏன் வீண் செலவு?” என்று நாம் இங்கிருந்து கேட்பது பெரும்பாலும் இத்தகையவரிடமே.

ஆதலால் என் கருத்து இது. ரொறன்ரோ, மொன்றியல், வினிப்பெக் போன்ற ஊர்களில், பனி நாளிலும் புறப்பட்டே தீர வேண்டியவர் இரண்டு தொகுதி ரயர்களை வைத்திருத்தலே தகும். வன்கூவரின் தாழ்நிலம், இலண்டன் நகரம், ஜேர்மனியின் மேற்குச் சமவெளி போன்ற மென்குளிர்ப் பகுதிகளில் வாழ்பவருக்கும், குறைவாக ஓடி, கெட்ட நாளில் வீட்டில் இருக்கக்கூடியவருக்கும் மலைக்குறி பெற்ற எல்லாப் பருவ ரயர் ஒன்றே போதுமானது. அதிற் குறைகாண ஒன்றுமில்லை. எம், எஸ் எழுத்துக்கள் மட்டுமுள்ள ரயரைக் கடும்பனிக்கு நம்புதல் எவருக்கும் ஆகாது.

எதனைத் தெரிந்தாலும் சில விதிகள் பொதுவானவை. நான்கு சில்லுக்கும் ஒரே வகை ரயரையே பூட்டுக. முன்னிரண்டு சில்லுக்கு மட்டும் குளிர்கால ரயர் பூட்டினால், முன்புறம் பிடிக்கப் பின்புறம் வழுக்கி, வண்டி சுழலும். நான்கு சில்லுக்கும் வலு செல்லும் கார் என்று இறுமாந்திருக்க வேண்டாம். அது புறப்பட உதவும், நிற்க உதவாது. புதிய ரயரின் தவாளிப்பு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழம். பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீற்றர் வரை அனுமதிப்பினும், 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வெண்பனியில் அதனை நம்புதல் கூடாது என்பர். வெப்பநிலை ஐந்தாறு பாகை குறையுந்தோறும் ரயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல் குறையும். ஆதலின் குளிர் தொடங்கியதும் காற்றை அளந்து பார்த்தல் வேண்டும். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் ரயரின் பிறந்த நாளைக் கூறும். 4122 என்றிருப்பின், 2022ஆம் ஆண்டின் 41ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். பாவித்த ரயரை மலிவாக வாங்குவோர் இதனை முதலிற் பார்ப்பது நலம்.

நம் நாட்டிலுள்ளவர்க்கும் ஒரு சொல். கொழும்பின் வீதியிலோ வவுனியாவின் வெயிலிலோ குளிர்கால ரயருக்கு வேலையில்லை. மென்மையான அதன் இறப்பர் நம் வெப்பத்தில் விரைந்து தேயும். நிறுத்தும் தூரமும் நீளும். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் ஒன்றை வாங்கும்போது, ரயரில் மலைக்குறியைக் கண்டாலோ, நெருக்கமான கீற்றுகளைக் கண்டாலோ, அதனை மேன்மையென எண்ணி மகிழாது, ரயர்க்கடைக்காரர் ஒருவரிடம் காட்டி உசாவிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை தொலைபேசியிற் பிள்ளை ரயர் மாற்றுவதைப் பற்றிப் பேசினால், விலையைக் கேட்குமுன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். எத்தனை மணிக்குத் தம்பி வேலைக்குப் புறப்படுகிறாய்? போகும் வீதி எப்படி? பனி கூடினால் அன்று நிற்கலாமா? நிற்க முடியாது என்று அவன் சொன்னால், இயன்றவர்கள் இங்கிருந்தே சிறிது பணம் அனுப்பி உதவலாம். இயலாதவர்கள், “வேறு செலவைக் குறைத்து முதலில் அதை வாங்கு” என்று சொல்லலாம். பிள்ளை இரவில் வீடு வந்து சேர்ந்தானா என்று இங்கே விழித்திருக்கும் பெற்றோருக்கு, அவ்வளவாவது செய்தோம் என்ற ஆறுதல் கிட்டும்.